வெள்ளை என்று தொட்ட இடம்

பெற்ற அப்பா போட்டுக் கொடுத்த காபியைக் குடிக்கப் பயந்து, அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து முருங்கை மரத்தடியில் ஊற்றினாள் ஒருத்தி. அவள் கதைதான் இது. பிள்ளைகளே, பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். பாதியில் விட்டால் அவளுடைய பயம் உங்களோடு வந்துவிடும். கடைசிவரை இருந்தால் கொஞ்சம் குறையும். முழுக்கப் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன்.

கலைமதி என்று பெயர். நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் ஊர். அங்கன்வாடி டீச்சர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. அப்பா சென்னப்பனும் அவளுமாக ஒரு ஓட்டு வீடு, கொஞ்சம் மாந்தோப்பு.

அம்மா செல்லி இறந்தபோது இவள் இடுப்புக் குழந்தை. அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில், கோயில் பந்தலுக்குப் பக்கத்தில், நாலு பேர் பார்க்கச் சென்னப்பன் ஒரு தம்ளர் பானகத்தைப் பெண்டாட்டியிடம் கொடுத்தார். அவள் குடித்தாள். சாயங்காலம் வாந்தி தொடங்கியது. வண்டி கட்டி தர்மபுரிக்குக் கொண்டுபோனார்கள். பிணமாகத்தான் திரும்பி வந்தாள். புருஷனோடு சண்டை போட்டுத் தாய்வீட்டில் இருந்துவிட்டு, திருவிழாவுக்கென்று வந்திருந்தவள் அவள். அது போதாதா? சுடுகாட்டில் வைத்தே அவளுடைய அண்ணன் மாயவன் சொல்லிவிட்டான்: "பானகத்துல இல்ல. குடுத்த கையிலதான் இருந்துது."

கேஸ் இல்லை, விசாரணை இல்லை. ஊர் அவரைத் தள்ளி வைக்கவும் இல்லை. ஏர் கேட்டு வருவார்கள், மாங்காய் கேட்டு வருவார்கள், நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவார்கள். ஆனால் அன்றிலிருந்து சென்னப்பன் கையால் யாரும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. கல்யாணப் பந்தியில் இலை போடுவார்; தண்ணீர்ச் செம்பை எடுத்தால் மட்டும் யாராவது சிரித்துக்கொண்டே வந்து கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள்.

கலைமதியைப் பெண் பார்க்க வந்தவர்களும் அப்படித்தான். "இப்பத்தாங்க வர்ற வழியில குடிச்சோம்" என்பார்கள். தம்ளர்களில் காபி ஆடை கட்டிக் கிடக்க, எழுந்து போய்விடுவார்கள். பிறகு வருவதும் நின்றது. அவளுக்கு அழுகை வரவில்லை, வீம்பு வந்தது. வேலை முடிந்து வந்ததும், அப்பா போட்டுவைத்திருக்கும் காபியை வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சிக் குடிப்பாள். அத்தனை வருஷமாக அந்த ஊருக்கு அவள் சொன்ன பதில் அந்தச் சத்தம்தான்.

போன தை மாதம் ஜாஸ்மின் போன் செய்தாள். நல்லம்பள்ளியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவள். அவள் அப்பா சவுரியப்பன் கப்பலில் வேலை பார்த்தவர்; எங்கோ ஒரு துறைமுகத்தில் சின்னதாக ஒரு சினிமாப் படம் பிடிக்கும் கேமரா வாங்கி வந்து, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கண்ணில் பட்டதை எடுத்துவைத்தார். அவர் இறந்த பிறகு பிஸ்கட் டின்னில் கிடந்த பிலிம் சுருள்களை ஜாஸ்மின் பெங்களூரு கொண்டுபோய், பென் டிரைவில் ஏற்றி வாங்கி வந்திருந்தாள்.

"அக்கா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன். எங்கப்பா எடுத்ததுல பாதி ஆடு, மீதி பாதி அவரு செருப்பு. நடுவுல ஒரு துண்டு கோயில் திருவிழா. அதுல சென்னப்பன் மாமா இருக்காரு. பக்கத்துல ஒரு அம்மா, இடுப்புல கைப்புள்ள."

கலைமதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. எப்படி இருப்பாள் என்றே இவளுக்குத் தெரியாது.

மறுநாள் பாதி நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். கம்ப்யூட்டர் திரை முழுக்கக் கொய்யாப்பழத்து உள்சதை மாதிரி ஒரே ரோஸ் நிறம். வானம் ரோஸ், மரம் ரோஸ், மனிதர்களும் ரோஸ்.

"பழைய கலர் பிலிம் அப்பிடித்தாங்க்கா. ஒவ்வொரு சாயமா வெளுத்துப்போவும். செவப்பு மட்டும் பிடிவாதமா நிக்கும். இருங்க, சரி பண்ணலாம். எது வெள்ளைன்னு ஒரு எடத்தத் தொட்டுக் காட்டிட்டா போதும். அதை வெச்சு மத்த கலரையெல்லாம் அதுவே இழுத்துக்கும்."

"எதைத் தொடுவ?"

"இதென்னக்கா கேள்வி. கல்யாண ஆல்பம் பூராவும் நான் மாப்ள வேட்டியத்தான் தொடறேன். நம்மூர்ல வேட்டியவிட வெள்ள என்ன இருக்குது?"

படத்தில் சென்னப்பன் இடுப்புக்கு மேலே பந்தல் நிழலில் கருத்து நின்றார். வேட்டியில் வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. ஜாஸ்மின் அந்த வேட்டியில் மவுஸை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள்.

ரோஸ் வடிந்தது. வேப்பிலைக்குப் பச்சை வந்தது. கோயில் சுவர் வெளிறிய நீலமாக வந்தது. "சுண்ணாம்புல நீலம் போட்டு அடிச்சிருப்பாங்க," என்றாள் ஜாஸ்மின். பிறகு வெயிலில் நின்ற அந்தப் பெண்ணின் முகம் வந்தது. ஜாஸ்மின் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

சாம்பல் பூசின முகம். நாவல் பழம் தின்றவள் போல உதடு. தம்ளரைப் பிடித்த விரல்களில் நகமெல்லாம் நீலம்.

படம் ஓடியது. நிழலுக்குள்ளிருந்து சென்னப்பனின் கை தம்ளரை நீட்டுகிறது. செல்லி வாங்குகிறாள். வாங்கியதை அவரிடமே திருப்பி நீட்டுகிறாள், வாயைத் திறந்து என்னவோ சொல்கிறாள். அவர் உள்ளங்கையால் தள்ளுகிறார். மறுபடி நீட்டுகிறாள். மறுபடி தள்ளுகிறார். நீ குடி என்று கையைக் காட்டுகிறார். அவள் அண்ணாந்து குடிக்கிறாள். அந்தக் காட்சி அங்கே முடிந்து, திரை ஒரு கணம் வெளுத்து, ஒரு ஆடு வந்தது.

"அவரு ஒரு வாய்கூடக் குடிக்கல," என்றாள் கலைமதி.

"அக்கா, பழைய படம். விடுங்க."

"உதடு குடிக்கறதுக்கு முன்னாடியே நீலமா இருக்குது ஜாஸ்மின்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. அப்படியானால் இந்த ஒரு தம்ளர் அல்ல. இதற்கு முன்னாலும் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக, தினமும். கலைமதிக்கு நாலைந்து மாதமாக வயிற்றில் ஒரு எரிச்சல் இருந்தது. அல்சர் என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். அந்த எரிச்சல் இப்போது, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே, எழுந்து நெஞ்சுவரை வந்தது.

அந்தத் துண்டை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். வீட்டு வாசலில் அப்பா தம்ளரோடு நின்றிருந்தார்.

"என்னா இன்னிக்கி சீக்கிரம்? மூஞ்சி வாடிக் கெடக்குது. குடி, சூடு ஆறிடும்."

தம்ளரை வாங்கினாள். அந்தக் கை நீட்டிய விதம், கட்டைவிரல் விளிம்பில் பட்டும் படாமலும், படத்தில் பார்த்த அதே கை. "முருங்கக்கீர பறிச்சிட்டு வந்து குடிக்கறேங்கப்பா" என்று பின்பக்கம் போய், மரத்தடியில் ஊற்றினாள். மண் காபியை உறிஞ்சிக்கொண்டது. நிமிர்ந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் காசியம்மாள். பக்கத்து வீட்டுக்காரி, ஊர் வாயெல்லாம் அவள் வாய்தான்.

"இப்பத்தான் உனக்குப் புத்தி வந்துதா டீச்சரு?" என்றாள் காசியம்மாள். சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அன்றைக்கு அடுப்படியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். பரணில் பூச்சிமருந்து டின் இருந்தது. மாம்பூவுக்கு அடிக்கிற மருந்து. எத்தனையோ வருஷமாக அங்கேதான் இருக்கிறது. அது சர்க்கரை டப்பாவுக்கு நேர் மேலே இருப்பதை அன்றைக்குத்தான் கண்டாள். அப்பா வெளியே இருமினார். சோறு வேண்டாம் என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள், கதவைத் தாழ் போட்டு. அந்த வீட்டில் அவள் அறைக்குத் தாழ் போட்டதே அதுதான் முதல்.

அங்கன்வாடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து தின்பதுதான் அதற்கப்புறம் அவளுக்குச் சாப்பாடு. வீட்டில் தண்ணீரைக்கூட வெளிக் குழாயில் பிடித்துக் குடித்தாள். சாயங்காலமானால் அப்பா காபியோடு நிற்பார். அவள் ஏதாவது சாக்குச் சொல்லிப் பின்பக்கம் போவாள். உறிஞ்சும் சத்தம் தெருவில் கேட்கவில்லை. யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். எல்லாரும் கவனித்தார்கள்.

பகலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். அம்மா கெஞ்சுகிறாள், அவர் தள்ளுகிறார். அம்மா குடிக்கிறாள். யாருக்காக இத்தனை வருஷம் ஊரோடு வீம்பு பிடித்தோம்? பெண் பார்க்க வந்து காபியைத் தொடாமல் போனவர்கள் பிழைத்தவர்களா? இப்படிக் கேட்டுக் கேட்டு அவள் இளைத்துப்போனாள்.

ஒருநாள் வேலை விட்டு வந்து பரணைப் பார்த்தால், மருந்து டின் இல்லை.

அடுப்படியில் தேடினாள், இல்லை. தூசியில் டின் இருந்த வட்டம் மட்டும் இருந்தது. யார் எடுத்தது, எதற்கு, எங்கே கொட்டியது? பால் பாத்திரத்தை மோந்து பார்த்தாள். சர்க்கரையைக் கிளறிப் பார்த்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினால் அப்பா, கையில் தம்ளர்.

அவர் அவளையே பார்த்தபடி தம்ளரைத் தூக்கி, ஒரு வாய் குடித்தார். தொண்டை இறங்கி ஏறியது. வாயைத் துடைத்துவிட்டு, மீதியை அவளிடம் நீட்டினார்.

"இப்பக் குடிக்கலாமா?"

பாவி மனிதர், எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறார்.

"முருங்க மரத்தடியில எறும்பு மொய்க்குது மதி. இனிப்பு ஊத்தாம எறும்பு வருமா? ஊர்ல ஒவ்வொருத்தரா எங்கையத் தள்ளிவுட்டப்போ எப்பிடிப் பாத்தாங்களோ, அப்பிடிப் பாக்கற நீ. அந்தப் பார்வ எனக்குப் புதுசா?" அவர் குரல் உயரவில்லை. "மருந்து டின்னையே பாத்துக்கிட்டிருந்தே. அதான் மோட்டார் ரூமுக்குக் கொண்டு போயிட்டேன். யாரு என்னா சொன்னாங்க உங்கிட்ட?"

"யாரும் சொல்லலீங்கப்பா. நானே பாத்தேன்."

போனை நீட்டினாள். அவர் வெளிச்சத்துக்கு வந்து, எட்டப் பிடித்துப் பார்த்தார். பெண்டாட்டி முகம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி ஓட்டச் சொன்னார். இந்தமுறை அவளைப் பார்க்கவில்லை, தன்னைப் பார்த்தார்.

"இது நான் இல்ல."

"நீங்கதாங்கப்பா. கையைப் பாருங்க."

"கை என்னுது. வேட்டி என்னுது இல்ல. அன்னிக்கி நான் வெள்ள வேட்டி கட்டல. தீ மிதிக்கறதுக்குக் காப்புக் கட்டியிருந்தேன். மஞ்சத் தண்ணியில முக்கின வேட்டி. உங்கம்மாதான் முக்கிக் காயப் போட்டா, சண்டை தீந்து வந்த அன்னிக்கே. தீ மிதிக்கற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாது. நான் எங்கருந்து பானகம் குடிக்கறது?"

கலைமதி அவர் வாயையே பார்த்தாள். நிஜமாக இருக்கலாம். ஐம்பது வருஷமாகத் தயார் செய்துவைத்த பொய்யாகவும் இருக்கலாம். பொய் சொல்கிறவர் இப்படி ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதானே நிற்பார்? பாருங்கள் பிள்ளைகளே, பயம் உள்ளே வந்துவிட்டால் சொல்வதும் ஒன்றுதான், சொல்லாததும் ஒன்றுதான்.

"வாங்க, ஜாஸ்மின்கிட்டப் போவோம்," என்றாள்.

பஸ்ஸில் அவர் முன்னால், அவள் பின்னால். ஸ்டுடியோவில் அவர் வாசலருகே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். திரைப் பக்கம் வரவில்லை. கலைமதி மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னாள்.

"மஞ்ச வேட்டியா?" ஜாஸ்மின் நகத்தைக் கடித்தாள். "நான் மஞ்சளத் தொட்டு வெள்ளைன்னு சொல்லியிருந்தா, மஞ்சளத் தின்னுட்டு நீலத்த ஏத்தியிருக்கும். எல்லாத்துலயும்."

"அப்ப சுவத்தத் தொட்டுப் பாரு."

"அது நீலச் சுண்ணாம்புன்னு நெனச்சமே."

"நீலமெல்லாம் போடல," என்றார் சென்னப்பன் வாசலிலிருந்து. "அந்த வருசம் சுண்ணாம்பு அடிச்சவனே நான்தான்."

கலைமதி கலங்கிப்போனாள். வேட்டிக்கும் அவர் சாட்சி, சுவருக்கும் அவரே சாட்சி. "வேண்டாம்," என்றாள். "அவரு சொல்ற எதையும் வெச்சுப் பண்ணாத. வேற ஏதாச்சும்."

வாசலில் உட்கார்ந்திருந்தவர் அதைக் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டார், அவ்வளவுதான்.

ஜாஸ்மின் படத்தை முன்னால் தள்ளினாள். ஆடு போனது, செருப்பு போனது. சட்டென்று நிறுத்தினாள். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஒரு இளம்பெண், ரோஸ் நிற உடுப்பில்.

"எங்கம்மா. இதே பிலிம்தான், வெட்டு ஒட்டு இல்ல, அதே வாரம்தான் எடுத்திருப்பாரு. நர்ஸ் யூனிபார்ம். இது வெள்ளையா இல்லையான்னு யாரும் சண்ட போட முடியாது." கொஞ்சம் தயங்கினாள். "இருங்க. மொதல்ல அன்னிக்கிப் பண்ண அதே திருத்தத்த எங்கம்மா மேல போட்டுப் பாக்கறேன்."

தட்டினாள். நர்ஸ் உடுப்பு வெளிறிய நீலமாக மாறியது. ஜாஸ்மினின் அம்மா சாம்பல் முகத்தோடு, நாவல்பழ உதட்டோடு அவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

கலைமதி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"எங்கம்மா போன வருசம் வரைக்கும் நல்லா இருந்தாங்க்கா," என்றாள் ஜாஸ்மின். "பேரன் கல்யாணத்துல பிரியாணி தின்னாங்க."

"இப்ப யூனிபார்மத் தொடு," என்றாள் கலைமதி. சொல்லிவிட்டு ஜாஸ்மின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இரு. இரு." இப்போதும் அந்த உதடு நீலமாகவே வந்தால்? வேட்டி வெள்ளையாகவே நின்றால்? வாசலில் உட்கார்ந்திருப்பவரோடு ஒரே பஸ்ஸில் எப்படித் திரும்பிப் போவது? பார்க்காமலே எழுந்து போய்விடலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. கையை விட்டாள்.

ஜாஸ்மின் உடுப்பைத் தொட்டாள். வெள்ளை, வெள்ளையாக வந்தது. அதே திருத்தத்தோடு பின்னால் ஓட்டினாள்: செருப்பு, ஆடு, பந்தல்.

சென்னப்பனின் வேட்டி மஞ்சளாக இருந்தது. பளிச்சென்று இல்லை, துவைத்து வெளுத்த மஞ்சள், வெயில் பட்ட இடத்தில் இன்னும் வெளிறி. நிழலைத் தாண்டி நீண்ட மணிக்கட்டில் காப்பு, மஞ்சள் கயிறும் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டுமாக. கோயில் சுவர் வெள்ளை, நடுவே காவிப் பட்டை. வெயிலில் நின்றவள் மாநிறமாக, மஞ்சள் பூசிக் குளித்த முகத்தோடு, வெற்றிலைச் சிவப்பு உதட்டோடு இருந்தாள். கெஞ்சவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். விரதக்காரனிடம் பானகத்தை நீட்டி, குடிக்கிறாயா, குடிக்கிறாயா என்று கேலி செய்துகொண்டிருந்தாள். அவர் விளையாட்டாகத் தள்ளுகிறார். நீயே குடி என்கிறார்.

"இந்தப் புள்ளையோட காலப் பாருங்க்கா," என்றாள் ஜாஸ்மின் மெதுவாக. செல்லியின் இடுப்பில், முகத்தைத் தோளில் புதைத்த குழந்தை. கருப்பாக இரண்டு கால்கள். "அன்னிக்கி இதுவும் நீலமாத்தான் இருந்திருக்கும். நாம ரெண்டு பேரும் பாக்கவே இல்ல."

ஆமாம், பார்க்கவில்லை. அந்தக் கால் தன்னுடையது என்றுகூடக் கலைமதிக்குத் தோன்றவில்லை. உதட்டைத்தானே பார்த்தாள்.

சென்னப்பன் எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. பின்னால் நின்றிருந்தார். அவர் கண் மூடவில்லை. காட்சி முடிந்து திரை வெளுத்ததும், "இன்னொருக்கா," என்றார். முடிந்ததும் மறுபடி, "இன்னொருக்கா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இவளுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர்தான் பேசினார், ஜன்னலைப் பார்த்தபடி.

"அந்தத் தம்ளர நான்தான் பானையில மொண்டேன். பானையில என்னா கெடந்துதோ, கோயிலுக்கு வர்ற வழியில அவ என்னா தின்னாளோ, யாருக்குத் தெரியும். விரதம் இல்லேன்னா மொத வாய் நான் குடிச்சிருப்பேன். ஊரு சொல்லிச் சொல்லி, ராவுல முழிப்பு வந்தா நானே எங்கையப் பாத்துக்குவேன், மதி. ஒருவேள இருந்துதோன்னு. உனக்கு ஒவ்வொரு நாளும் காப்பி ஆத்தறப்ப நெஞ்சு அடிக்கும். நீ உறிஞ்சற சத்தம் கேட்டாத்தான் அடங்கும்."

"ஏங்கப்பா இதையெல்லாம் சொல்லல?"

"நீ கேக்கலியே. நீ குடிச்சே. அது போதும்னு இருந்துட்டேன்."

கலைமதி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் படம் அம்மாவின் உதட்டிலிருந்து நீலத்தை மட்டும்தான் போக்கியது. அம்மா ஏன் செத்தாள் என்று அது சொல்லவில்லை. இனி எதுவும் சொல்லாது. அவர் அவ்வளவு காலம் அந்தத் தெரியாமையோடுதான் பால் காய்ச்சியிருக்கிறார். இனி அது அவளுடையதும்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் போய் வாசற்படியில் நின்றாள். "அப்பா, காப்பி போடுங்க."

உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது அவளுக்கு. வயிறு எரிந்தது, அல்சர்தான், ஆனால் எரிச்சலுக்கு அது தெரியவா போகிறது? வேலிக்கு அந்தப் பக்கம் காசியம்மாள் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா வந்தார். பழக்கப்படுத்திக்கொண்டவர் போல, முதல் வாய் தான் குடிக்கத் தம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனார். கலைமதி எட்டி அதை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

தம்ளரில் காபி ஆடியது. விளிம்பில் அவர் கட்டைவிரல் பட்ட இடத்தில் ஈரம் இருந்தது. அங்கேயே வாயை வைத்து, தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு உறிஞ்சு உறிஞ்சினாள். சர்க்கரை அதிகம். நாக்கு சுட்டது.

சென்னப்பன் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, அவள் தொண்டையையே பார்த்தபடி நின்றார், கடைசி வாய் இறங்கும்வரை.